தோல்முட்டைக்கு டானிக் எத்தனை நாள் கொடுப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பத்து சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள் வளர்க்கிறேன். குருணை, தவிடு, மிச்சச் சோறுதான் தீவனம். பத்து நாளாக மூன்று கோழிகள் ஓடு கட்டாத தோல்முட்டை இடுகின்றன. இன்னொன்று நேற்றுக் காலையிலிருந்து வாலைத் தொங்கப்போட்டு மூலையில் முக்கிக்கொண்டே நிற்கிறது. கடையில் கால்சியம் டானிக்கும் ஆன்டிபயாடிக் பொடியும் கொடுத்தார்கள். எத்தனை நாள் கொடுக்கலாம்? – ஒரு ஆச்சி

பதில்: ஆச்சி, முதலில் அந்த முக்குகிற கோழியைப் பாருங்கள். நகம் வெட்டிய சுண்டுவிரலில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாய்க்குள் மெதுவாக விடுங்கள். ஓரிரு அங்குலத்தில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் முட்டை அடைத்திருக்கிறது. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அதன் பின்பாதி முங்கும்படி இருபது நிமிஷம் பிடித்து, நன்றாகத் துவட்டி, ஆசனவாயில் எண்ணெய் விட்டு, இருட்டுக் கூடையில் தனியே மூடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. வயிற்றை அமுக்கிப் பிதுக்கவே கூடாது. உள்ளே ஓடு உடைந்தால் முட்டைக்குழாயைக் கிழித்துச் சீழ் வைக்கும். ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது, ஆகவே இன்று மாலைக்குள் இடாவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். கெட்டியாக எதுவும் தட்டுப்படாமல், வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருந்தால் அது வேறு நோய். அதற்கு வெந்நீர் உதவாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

டானிக்குக்கு ஒரு வேலை உண்டு. முட்டையைத் தள்ளுகிற தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்பதால், இந்தக் கோழிக்கு 1 மில்லி, சொட்டுச் சொட்டாக அலகோரம் விடலாம். மற்ற மூன்றுக்கும் அது வீண் செலவு. கணக்கைப் பாருங்கள். சிறுவிடை முட்டை ஓடு ஒன்றுக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். லேபிளில் 100 மில்லிக்கு 1,700 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், ஒரு முட்டைக்கு ஏறக்குறைய ஒரு 100 மில்லி பாட்டில்! 100 கிராம் அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவுதான். தவிட்டில் உள்ள பைட்டேட் என்ற பொருள் இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆக, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது டானிக் கணக்கை அல்ல. ராத்திரி ஓடு கட்டுகிற நேரத்தில் கோழியின் வயிற்றில் என்ன கிடக்கிறது என்பதை.

ஓடு கட்ட ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும், பெரும்பகுதி இருட்டிய பிறகு. அப்போது கோழி மேய்வதில்லை. மாவாகப் பொடித்த சுண்ணாம்புச் சத்து அதற்குள் குடலைக் கடந்துவிடும். பச்சைப்பயறு அளவில் உடைத்த கடல் சிப்பியோ அரைவைப்பையில் தங்கி விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தொண்டிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் ஒரு பை கிளிஞ்சல் கொண்டுவருவார்கள். உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்து, உரலில் இடித்துச் சலித்து, மாவை நீக்கிவிடுங்கள். கோழிக்கு ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம், சாயங்காலம் நாலு மணிக்குத் தனிச் சட்டியில் வையுங்கள். தீவனத்தோடு கலக்காதீர்கள், சேவலுக்கும் முட்டை இடாத குஞ்சுக்கும் அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேண்டிய பெட்டை தானே தேடி வந்து கொத்தும்.

நம் ஊர்ச் சுவர்ப் பூச்சுக்குச் சுட்ட அதே கிளிஞ்சல்தானே என்று காளவாய்ச் சுண்ணாம்பையோ வெற்றிலைச் சுண்ணாம்பையோ வைத்துவிடாதீர்கள், தொண்டையை வெந்துபோகச் செய்யும். சுடாத சிப்பிதான் வேண்டும்.

ஆன்டிபயாடிக் பொடியைத் திருப்பிக் கொடுங்கள். நோய் என்னவென்று பார்க்காமல் அதைக் கட்டிக் கொடுப்பது வியாபாரம், வைத்தியம் அல்ல. அந்த மருந்து முட்டை வழியாக வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போகும்.

இரண்டாம் கட்டில் அடைத்தே வைத்திருந்தால், காலையில் இரண்டு மணி நேரமாவது வெயிலில் விடுங்கள். வைட்டமின் டி இல்லாமல் தின்ற சிப்பி உடம்பில் ஒட்டாது. மிச்சச் சோற்றைக் குறையுங்கள். கொழுத்த கோழிக்குத்தான் முட்டை அதிகம் அடைக்கும்.

ஒரு வாரம் சிப்பி தின்றும் தோல்முட்டை நிற்காமல், கூடவே தும்மலோ பச்சைக் கழிச்சலோ கண்டால், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பூசி கடைசியாகப் போட்ட தேதியோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.