லைன் உங்கள் பெயரில் இருக்கிறது, சகோதரி

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். பக்கத்து வீட்டில் என் கணவரின் பெரியப்பா மகன் குடும்பம். தோட்டத்து லயத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள். என் பெயரில் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) வேக ஃபைபர் இணைய லைன் எடுத்து, வைஃபை பாஸ்வேர்டை அவர்களுக்கும் கொடுத்தேன். மாதம் 60 ரிங்கிட் தருவார்கள். போன வருடம் பட்டணத்துக் கடையில் எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று, டிவியில் மாட்டி இணையம் வழியாகச் சேனல் பார்க்கிற சிறிய பெட்டி வாங்கினோம். எல்லாச் சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று கடைக்காரர் சொன்னார். அதிலிருந்து லைன் படுமோசம். நான் மாலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் டியூஷன் எடுப்பவள். வகுப்பு பாதியில் நின்று நின்று சில பிள்ளைகள் விலகிவிட்டார்கள். கேட்டால், 'நாங்களும் காசு கொடுக்கிறோம்' என்கிறார்கள். அவர்கள் குடும்பத்தோடு கிள்ளானுக்குக் கல்யாணத்துக்குப் போய் வீடு பூட்டியிருந்த நாட்களிலும் லைன் மெதுவாகத்தான் இருந்தது. ஆக, இணைய நிறுவனமும் ஏமாற்றுகிறது. கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அப்படியும் முழுதாகச் சரியாகவில்லை. தாமான் புலன (வாட்ஸ்அப்) குழுவில் 'என் லைனைத் திருடுகிறார்கள்' என்று எழுதினேன். இப்போது இரண்டு மாத முன்பணம் 120 ரிங்கிட்டைத் திருப்பிக் கேட்டு, தராவிட்டால் போலீஸ் ரிப்போர்ட் செய்வேன் என்கிறார் கொழுந்தனார். அவர் மீதும் நிறுவனத்தின் மீதும் கடைக்காரர் மீதும் வழக்குப் போட முடியுமா?

பதில்: சகோதரி, லயத்தில் ஒன்றாக வளர்ந்த பாசமும், இப்போது அவர்கள் பேசும் பேச்சும் வருத்தம் தரக்கூடியவைதான். ஆனால் எந்த நீதிமன்றமும் அதை எடை போடாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லைன் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு வேகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை வேகத்தைப் பற்றி இல்லை.

1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு 2012இல் சேர்க்கப்பட்டது. ஓர் இணையச் சேவை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அந்தச் சேவை வழியாக வெளியான பதிவை அவரே வெளியிட்டார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. வழக்கமாகக் குற்றத்தை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே பாரம் உங்கள் தோளுக்கு மாறுகிறது. மோட்டார் சைக்கிளைத் தம்பி ஓட்டினாலும் சமன் (அபராத நோட்டீஸ்) உரிமையாளர் பெயருக்குத்தானே வருகிறது, அந்த மாதிரி. இது ஏட்டில் தூங்கும் பிரிவு இல்லை. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021இல் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தபோது, இதே பிரிவின் இன்னொரு உட்பிரிவைத்தான் பிடித்துக்கொண்டது.

இப்போது அந்த 'வீடு பூட்டியிருந்த நாட்கள்' வரிக்கு வருகிறேன். அதை நீங்கள் நிறுவனத்துக்கு எதிரான ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்த விதம் வேறு. 4கே படத்துக்கே நெட்ஃபிலிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் ஓடினாலும் 100 எம்பிபிஎஸ் லைனில் பாதிகூடத் தீராது. அவர்கள் வீட்டில் யாருமே பார்க்காத நாளிலும் லைன் திணறியிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றி அவர்கள் பெட்டியை வெளியே தள்ளிய பிறகும் முழுதாகச் சரியாகவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டி இன்னும் லைனில்தானே இருக்கிறது?

இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பகிரங்கமாக எச்சரித்தது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) சில பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே ஏற்றப்பட்டிருக்கிறது. சிலவற்றில், கண்ட இடத்திலிருந்து ஆப் இறக்கும்போது ஏறிக்கொள்கிறது. அடுத்த மாதமே கூகிள் இதை நடத்துகிறவர்கள் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அப்படிச் சிக்கிய பெட்டி உங்கள் டிவிக்குப் படம் காட்டிக்கொண்டே, முன்பின் தெரியாதவர்கள் உங்கள் லைன் வழியாக இணையத்துக்குள் போக வழிவிடுகிறது. அவர்கள் செய்கிற காரியம் வெளியே உங்கள் வீட்டு ஐபி முகவரியோடுதான், அதாவது இணையத்தில் உங்கள் லைனை அடையாளம் காட்டும் எண்ணோடுதான், தெரியும். வேகம் குறைவது அதன் பக்கவிளைவு மட்டுமே.

உங்கள் பெட்டி அப்படிப்பட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் சொல்லவும் முடியாது. எல்லாப் பெட்டிகளையும் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் நேரடியாக மாட்டி வேகத்தைப் பாருங்கள். பிறகு பெட்டியை மாட்டி, படம் எதுவும் போடாமல் இன்னொரு முறை பாருங்கள். ரிமோட்டில் அணைத்தால் பெட்டி உறங்குவதில்லை, அதனால் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்த அளவை நிறுவனத்திடம் காட்டிப் பயனில்லை. சுவர், தூரம், பழைய கைப்பேசி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். கேபிளில் எடுத்த அளவும் குறைவாக இருந்தால் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் எம்சிஎம்சிக்கு (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு) எழுதுங்கள். அந்த வழி உங்களுக்கே தெரியும். பெட்டியைப் பிடுங்கியதும் 100 வருகிறது என்றால் நிறுவனத்தை மறந்துவிடுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் தவறாமல் விழுகிற பள்ளம் இனிமேல்தான் வருகிறது. லைனைப் பக்கத்து வீட்டுக்கோ, வாடகைக்கு இருப்பவருக்கோ, கீழே கடை வைத்திருப்பவருக்கோ கொடுத்திருப்பார்கள். யாரோ ஒருவர் முகநூலில் இனத்தையோ மதத்தையோ இழிவாக எழுதியிருப்பார், அல்லது யாருடைய பணமோ மோசடியில் போயிருக்கும். ஐபி முகவரியைத் தேடிக்கொண்டு போலீஸ் வருவது பில்லில் பெயர் உள்ளவர் வீட்டுக்கு. கைப்பேசி, மடிக்கணினி, ரவுட்டர் எல்லாம் ஆதாரமாகப் போய்விடும். எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. டியூஷனை நம்பியிருக்கும் உங்களுக்கு அதுவே பெரிய தண்டனை. மோசடிப் புகாரில் 114ஏ அனுமானம் அப்படியே பொருந்தாது. ஆனாலும் விசாரணை உங்கள் வாசலில்தான் தொடங்கும். பதிவு சம்பந்தப்பட்ட புகாரில் அனுமானமும் சேர்ந்துகொள்ளும். தகாத இணையப் பதிவுகளைக் குற்றமாக்குகிற, 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அது 500,000 ரிங்கிட். சிறைத் தண்டனையும் இரண்டு ஆண்டு வரை போகலாம்.

'நான் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்' என்று வாயால் சொன்னால் அனுமானம் உடையாது. எந்தெந்தக் கருவி உங்கள் ரவுட்டரில் இணைந்திருந்தது, பாஸ்வேர்ட் யாரிடம் இருந்தது, எப்போதிலிருந்து எப்போது வரை என்பதைக் காட்ட வேண்டும். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. பயந்துபோன மனிதர்கள் முதலில் செய்வது ரவுட்டரின் பின்னால் ஊசியை விட்டு ரீசெட் அடிப்பது. பெட்டியைக் குப்பையில் போடுவது. புலனத்தில் பேசியதையெல்லாம் அழிப்பது. தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆதாரத்தைத் தங்கள் கையாலேயே அழித்துவிட்டு என் எதிரில் வந்து உட்காருவார்கள். அழித்தது சந்தேகத்தையும் கூட்டிவிடும்.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கணினியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை இன்றைக்கே படம் எடுங்கள். வீட்டு ரவுட்டரில் பழைய பதிவுகள் அதிக நாள் தங்காது. கொழுந்தனார் மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, பாஸ்வேர்ட் அனுப்பிய செய்தி, மாற்றிய தேதி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பெட்டியைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். ஒருவேளை போலீஸ் வாக்குமூலம் கேட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆம் பிரிவின்படி பதில் சொல்ல வேண்டும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வழக்கறிஞரிடம் பேசாமல் போய் உட்காராதீர்கள்.

சரி, நீங்கள் கேட்ட மூன்று வழக்குகள். கடைக்காரர் மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்தான். கட்டணம் வெறும் 5 ரிங்கிட், வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் மனுவில் என்ன எழுதப் போகிறீர்கள்? கட்டணச் சேனலை வாழ்நாள் முழுக்க இலவசமாகப் பார்க்க வாங்கிய பெட்டி சரியாக ஓடவில்லை என்றா? அதில் கையெழுத்துப் போட நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். போன பணம் போகட்டும். முக்கியமாக, அந்தப் பணத்தை மீட்கிறேன் என்று பெட்டியைத் தோட்டத்திலோ தாமானிலோ வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள். காப்புரிமைச் சட்டத்தில் 2022இல் சேர்ந்த 43ஏஏ பிரிவு இப்படிப்பட்ட பெட்டியை விற்பவரைக் குறிவைத்து எழுதப்பட்டது. குறைந்தபட்ச அபராதமே 10,000 ரிங்கிட். அதிகபட்சம் 200,000, சிறை இருபது ஆண்டு வரை. இன்று நீங்கள் ஏமாந்த வாடிக்கையாளர். ஒரு பெட்டியை விற்றால் விற்பனையாளர் ஆகிவிடுவீர்கள்.

நிறுவனத்தோடு மோதும் முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வீட்டு இணைப்பை வேறு வீட்டுக்குப் பகிரவோ காசுக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். மாதம் 60 ரிங்கிட் வாங்கியதை நீங்களே புகாரில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கொழுந்தனார் மீது வழக்கு வேண்டாம். பாஸ்வேர்டை நீங்கள்தான் கொடுத்தீர்கள், பணமும் வாங்கினீர்கள். இவ்வளவு வேகத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தம் எதுவும் இல்லை. டியூஷன் வருமானம் போனது அவர் பெட்டியாலா உங்கள் பெட்டியாலா என்று யார் நிரூபிப்பது? மாறாக, உங்கள் மீது வழக்குப் போட அவர் கையில் காரணம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த லைனைத் 'திருடுகிறார்கள்' என்று தாமான் முழுக்கப் படிக்கும் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். அது அவதூறு. அவருடைய போலீஸ் ரிப்போர்ட் 120 ரிங்கிட்டுக்காக எங்கும் போகாது, உரிமையியல் தகராறு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் நீங்கள் குழுவில் எழுதிய அந்த ஒரு வரிக்காக ஒரு வழக்கறிஞர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம்.

அதனால் சமாதானமாகப் போங்கள். உங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 120 ரிங்கிட்டை இந்த வாரமே வங்கி வழியாக அனுப்புங்கள், கையில் கொடுக்காதீர்கள். குழுவில் எழுதியதை முதலில் படம் எடுத்துவிட்டு நீக்குங்கள். அதே குழுவில், கோபத்தில் எழுதியது, திருட்டு எதுவும் இல்லை என்று இரண்டு வரி போடுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை லைனை அவர் வீடும் பயன்படுத்தியது, இன்று முதல் பயன்படுத்தவில்லை, முன்பணம் திரும்பிவிட்டது, ஒருவர் மீது ஒருவருக்குக் கோரிக்கை எதுவும் இல்லை. பணத்துக்கான ரசீது என்று அவர் நினைக்கட்டும். 114ஏ உங்கள் வாசலுக்கு வரும் நாளில் அதுதான் உங்கள் முதல் ஆதாரம், அதனால் தேதிகளை விட்டுவிடாதீர்கள். சாட்சியாக இரு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவர் கையெழுத்தும் இருக்கட்டும். அவர் பெட்டியைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவர் அடுத்து எடுக்கப்போகும் லைன் அவர் பெயரில் இருக்கும், அந்தப் பெட்டியை அவர் அதில்தான் மாட்டப் போகிறார்.