ஃபைல் இப்போது யார் மேசையில்? கணவன், மனைவிக்கான கிரீன் கார்டு: கேள்வி பதில்

நான் வக்கீல் இல்லை. மனைவியின் அமெரிக்கக் கிரீன் கார்டுக்கு (அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு) நானே விண்ணப்பித்தவன். அதன் பிறகு நண்பர்கள் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: ஃபைல் ஒரு துறையில் இருக்கும், இவர்கள் இன்னொரு துறையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சார், நான் அமெரிக்க சிட்டிசன். மனைவியை அழைக்கும் மனுவான ஐ-130 படிவத்தைத் தபாலில் லாக்பாக்ஸுக்கு அனுப்பினேன். அங்கே நேரில் போய் விசாரிக்கலாமா? (டாலஸ்)

போய்ப் பயனில்லை. லாக்பாக்ஸில் கவரைப் பிரிப்பார்கள், கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள், ரசீது அனுப்புவார்கள். முடிவெடுக்கும் அதிகாரி அங்கே கிடையாது. பிறகு ஃபைல், குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போகும். அங்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

முன்பெல்லாம் ரசீது எண்ணின் முதல் மூன்று எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். எல்ஐஎன் என்றால் நெப்ராஸ்கா, டபிள்யூஏசி என்றால் கலிஃபோர்னியா, எஸ்ஆர்சி என்றால் டெக்சஸ். இப்போது பெரும்பாலும் ஐஓஇ என்றுதான் வருகிறது. அது கணினியில் ஏறிய கேஸ் என்பதற்கான அடையாளம், ஊரைக் காட்டாது. நோட்டீஸின் அடியில் அச்சிட்டிருக்கும் அலுவலக முகவரியைப் பாருங்கள். எனக்கு எண் மாறாமலே ஃபைல் இடம் மாறியது. தனியாக ஒரு கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது.

அண்ணா, கணவர் போட்ட ஐ-130 அப்ரூவ் ஆகிவிட்டது. சென்னை கான்சுலேட்டில் எப்போது இன்டர்வியூ? (திருநெல்வேலி)

சென்னையில் இல்லை அம்மா, மும்பையில். ஜெமினி பாலத்துப் பக்கம் நிற்கும் கூட்டம் சுற்றுலா, படிப்பு, வேலை விசாக்களுக்கு. உங்களைப் போலக் கணவன், மனைவியாகக் குடியேறுவோருக்கான இன்டர்வியூ பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் மும்பை கான்சுலேட்டில்தான்.

அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. யுஎஸ்சிஐஎஸ் தன் வேலையை முடித்து, ஃபைலை வெளியுறவுத் துறையின் நேஷனல் விசா சென்டருக்கு அனுப்பிவிடும். அது நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிஎம்பி என்று தொடங்கும் புது எண் வரும். ஊர் மும்பையாக மாறினாலும் எண்ணில் இன்னும் பம்பாய்தான்! அதன் பிறகு ஐஓஇ எண்ணை வைத்துக்கொண்டு யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போன் போட்டால், "எங்களிடம் இல்லை" என்பார்கள். கட்டணம், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம், மனைவியைப் பராமரிப்பேன் என்று கணவர் தரும் ஐ-864 உறுதிமொழி எல்லாமே இனி விசா சென்டரின் இணையக் கணக்கில்.

நம் ஊர்க்காரர்கள் சிக்குவது இனிஷியலில். பிறப்புச் சான்றிதழில் "எஸ். மீனா" என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும், திருமணச் சான்றிதழில் கணவர் பெயரோடும் இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வரும். அதற்கான சான்றுகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

மனைவி எஃப்-1 மாணவர் விசாவில் என்னோடு இங்கேயே இருக்கிறார். நான் சிட்டிசன். எங்களுக்கும் மும்பைதானா? (நியூ ஜெர்சி)

வேண்டியதில்லை. ஐ-130 உடன், அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவத்தையும் சேர்த்தே போடலாம். விசா சென்டருக்கும் கான்சுலேட்டுக்கும் இதில் வேலையே இல்லை. கைரேகை பக்கத்திலுள்ள அப்ளிகேஷன் சப்போர்ட் சென்டரில். இன்டர்வியூ வைத்தால், உங்கள் வீட்டு முகவரிக்குரிய ஃபீல்ட் ஆபீஸில். உங்கள் மாநிலத்தில் நியூவார்க், மவுண்ட் லாரல் என்று இரண்டு உண்டு. வீடு மாறினால் ஃபீல்ட் ஆபீஸும் மாறலாம். 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவித்தாக வேண்டும்.

அண்ணை, நான் சிட்டிசன், மனைவி யாழ்ப்பாணத்தில். இன்டர்வியூ எங்கே? (டொரன்டோவிலிருந்து நியூயார்க் வந்தவர்)

இன்டர்வியூ கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில். மற்றப் படிகள் திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னவைதான்.

நான் சிட்டிசன் இல்லை, கிரீன் கார்டு மட்டுமே. மனைவிக்கு இதே வழிதானா? (சான் ஹோசே)

அப்படியென்றால் கிரீன் கார்டுக்காரர்களின் கணவன், மனைவி வரும் எஃப்2ஏ பிரிவு. ஐ-130 அப்ரூவ் ஆனாலும் வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் என்ற வரிசைப் பட்டியலில் நீங்கள் ஐ-130 போட்ட தேதிக்கு முறை வர வேண்டும். நடுவில் சிட்டிசன் ஆனால், ஃபைல் அப்போது எங்கே இருக்கிறதோ அங்கே சொல்லுங்கள். விசா சென்டரில் இருந்தால் அவர்களுக்கு, மும்பைக்குப் போய்விட்டால் கான்சுலேட்டுக்கு.

விசா கிடைத்துவிட்டது. கார்டை யார் தருவார்கள்? (கோவை)

அமெரிக்க விமான நிலையத்தில் எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபியின் அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார். அந்த விசாவும் முத்திரையும் ஓராண்டுக்குக் கிரீன் கார்டுக்குச் சமம். கார்டை அச்சிட்டு அனுப்புவது மறுபடியும் யுஎஸ்சிஐஎஸ்தான். அதற்கான கட்டணத்தைக் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் கட்டிவிடலாம். அமெரிக்காவில் இறங்கும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு முடிந்திருக்காவிட்டால், வருவது 2 ஆண்டுக் கார்டு. அது காலாவதியாகும் முன் கடைசி 90 நாளில், அந்த 2 ஆண்டு நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும்.

அப்புறம், அப்பார்ட்மென்ட் தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கணவர் பெயர் மட்டும் இருந்ததால் என் நண்பர் மனைவியின் கார்டு திரும்பிப் போய்விட்டது.