வாந்தி நின்றுவிட்டது, குழந்தை இன்னும் அசையவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 27. முதல் பிரசவம். செம்பூரில் இருக்கிறோம். வேலை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கம், தினமும் லோக்கல் ரயிலில்தான் போய் வருகிறேன். டாக்டர் கணக்குப்படி இப்போது 18 வாரம். மூன்று மாதம் வரை மசக்கையில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இப்போது வாந்தி அடியோடு நின்று, நன்றாகப் பசிக்கிறது. ஆனால் குழந்தை அசைவதே தெரியவில்லை. ஊரிலிருந்து அத்தை, “அஞ்சு மாசமாச்சு, இன்னுமா அசையல?” என்று தினமும் போனில் கேட்கிறார். ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புக்குத் திருநெல்வேலி போகலாமா?

— ஒரு வாசகி, மும்பை

பதில்: முதலில் தூங்குங்கள். முதல் பிரசவத்தில் 18 வாரத்தில் அசைவு தெரியாமல் இருப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலானவர்களுக்கு 18-லிருந்து 20 வாரத்துக்குள் தெரியும், சிலருக்கு இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போகும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் அது மெத்தை மாதிரி நடுவில் நிற்கும், உதை உங்களுக்கு எட்டாது. 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

அத்தையின் கணக்கும் டாக்டர் கணக்கும் இடிப்பதாக நினைக்க வேண்டாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 18 வாரம் என்பது 126 நாள். நாலு மாதம் முடிந்து ஐந்தாவது நடக்கிறது. ‘ஐந்தாவது நடக்கிறது’ என்பது போனில் ‘ஐந்து முடிந்துவிட்டது’ என்று ஆகியிருக்கும். அத்தைக்குக் கடைசியாகப் பிறந்த பிள்ளையின் ஞாபகமும் இதில் கலந்திருக்கலாம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அசைவு சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

இன்னொன்று, உதை என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி வயிறு குலுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இப்போது குழந்தையின் எடை ஏறக்குறைய 200 கிராம், ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவுதான். கண் இமை துடிப்பது போல, தண்ணீருக்குள் குமிழி உடைவது போல ஒரு சிறு சலனம் வரும், அவ்வளவுதான். தாராவியிலிருந்து வந்த ஒரு பெண், அடிவயிற்றில் வாயு புரள்கிறது என்று மூன்று நாள் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். வாயு எப்போது புரள்கிறது என்று கேட்டேன். “ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் டாக்டர், தினம் அதே நேரம்” என்றார். அது குழந்தை! நீங்களும் சாப்பிட்ட பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கவனித்துப் பாருங்கள். ரயில் நெரிசலில் நிற்கும்போது இதெல்லாம் தெரியாது.

வாந்தி நின்றதும் நல்லதுதான். மசக்கையோடு சேர்ந்து ஏறுகிற ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் 10 வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும். இந்த நடுமூன்று மாதம் பலருக்கு மூச்சுவிடக் கிடைக்கும் காலம். ஆனால் சில புதுத் தொந்தரவுகள் வரும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று இழுக்கும். கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் நீள்வதால் வருவது அது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு விழும். பயப்பட ஒன்றுமில்லை.

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாதங்களில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து பி.பி. இயல்பாகவே சற்று இறங்கும். வெறும் வயிற்றில் நெரிசலில் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். சாப்பிடாமல் கிளம்பாதீர்கள், பையில் தண்ணீரும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையும் இருக்கட்டும். மும்பை லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் கர்ப்பிணிகளும் ஏறலாம். டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வயிறு வெளியே தெரியாத இந்தக் கட்டத்தில்தான் யாராவது கேள்வி கேட்பார்கள். ஓடுகிற வண்டியில் தொற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த வண்டி வரும்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். நம் பெண்கள் பாதிப் பேர் அதை டீயோடு விழுங்குகிறார்கள். ஆபீஸில் நாலு மணிக்கு வருகிற கட்டிங் சாய் போதும், சத்து உடம்பில் சேராமல் தடுத்துவிடும். டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்கு மாற்றுங்கள். எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான். மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

இப்போது நீங்கள் தள்ளிப் போடக்கூடாத வேலை, ஐந்தாம் மாத ஸ்கேன். அனாமலி ஸ்கேன் என்று எழுதியிருப்பார்கள். 18-லிருந்து 20 வாரம் இதற்குச் சரியான நேரம். குழந்தையின் மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். குழந்தை புரண்டு படுத்திருந்தால், “கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க” என்று வெளியே அனுப்புவார்கள், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்தாலும் கலங்க வேண்டாம். கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே போய்விடும், 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். உங்கள் பயத்துக்கும் இந்த ஸ்கேன்தான் மருந்து: குழந்தை கை கால் ஆட்டுவதை உங்களுக்குத் தெரியும் முன்பே திரையில் பார்த்துவிடுவீர்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

ரத்தக் கசிவு, தண்ணீர் போல ஒழுகுவது, விட்டுவிட்டு வயிறு இறுகி வலிப்பது, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் – இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கைகளும் திடீரென்று வீங்குவது வந்தால் உடனே பி.பி. பார்க்க வேண்டும்.

திருநெல்வேலிக்குத் தாராளமாகப் போகலாம், உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் இல்லாவிட்டால். ஒன்றரை நாள் ரயில் பயணம். கர்ப்பிணிகளுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு, மருத்துவச் சான்றோடு கவுன்டரில் கேளுங்கள். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே போகாமல் அடிக்கடி எழுந்து நான்கு அடி நடங்கள். மருத்துவ ஃபைல் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். 24-லிருந்து 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. அந்தப் பரிசோதனையை இங்கேயே முடித்துவிட்டு வண்டி ஏறுங்கள். வளைகாப்பில் சர்க்கரைப் பொங்கல் எத்தனை கரண்டி என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும்.