கார் நிறுத்துமிடம் ஒரு நகரத்தின் வடிவத்தையே மாற்றிவிடுமா?

மாற்றும். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் போதும். அது உள்ளே வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் 25-ஐத் தாண்டிவிடும். ஒரு சிறு வீடே அதில் அடங்கும்! கடை கட்டுபவர் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்று விதி வந்தால், கடையைவிட வெளி மைதானம் பெரிதாகிறது. கட்டடங்கள் விலகி நிற்கின்றன, நடை தூரம் கூடுகிறது, அதனாலேயே இன்னும் பலர் கார் வாங்குகிறார்கள். ‘இலவச’ நிறுத்தம் என்பதும் பெயரளவுக்குத்தான். அந்தச் செலவு வாடகையிலும் பொருள் விலையிலும் ஏறி, கார் இல்லாதவர் தலையிலும் விழுகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல், கட்டுபவர் கார்களுக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டது. ஜப்பான் வேறு வழியில் போனது: 1962-இல் வந்த சட்டத்தின்படி, நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவுசெய்ய முடியும். குறுகலான தெருவாக இருந்தாலும் ஓரமெல்லாம் கார் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை.