பார்ட்டியில் குடித்துவிட்டு வந்த 17 வயது மகன்: இன்றே கேட்கலாமா?

இன்றிரவு விசாரணை வேண்டாம். நாளை மதியம் சாப்பிட்ட பிறகு, அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் பேசுங்கள். இப்போது ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். மல்லாந்து கிடந்து வாந்தியெடுத்தால் புரையேறி மூச்சடைக்கும். மோர், எலுமிச்சை, காபி எதுவும் போதையை இறக்காது.

'கோக் மட்டும்தான் குடித்தேன்' என்கிறானா? முழுப் பொய்யாக இருக்காது. அதில் ரம் கலந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது, வெறும் வயிறென்றால் சட்டென ஏறும்.

தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விழிக்கவில்லை, அல்லது நிமிடத்துக்கு 8 மூச்சுக்கும் குறைவு என்றால் உடனே 108. தமிழ்நாட்டில் குடிக்க 21 வயதாக வேண்டுமே, போலீஸ் வருமோ என்று தயங்காதீர்கள்.

ஒன்று: தூக்க மாத்திரை ஏதும் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, நேரே ஆஸ்பத்திரிதான்.