ஞானப்பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு, மறுபடி எதுக்கு ஸ்கேன்?

சிங்கப்பூர் ஈஷூன்லேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "டாக்டர், என் மகளுக்கு 21 வயசு. இடது பக்கம் கீழ ஞானப்பல் பாதி வெளிய, பாதி ஈறுக்குள்ள. இந்த வருஷத்துலயே ரெண்டு தடவை வீங்கிருச்சு. கிளினிக்ல நின்னுக்கிட்டே எடுக்கற பெரிய எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, நரம்பு பக்கத்துல இருக்கு, த்ரீடி ஸ்கேன் எடுக்கணும்னு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புறாங்க. எடுத்தது பத்தாதா? இவ்வளவு ரேடியேஷன் பிள்ளைக்கு ஆகுமா? வீட்டுக்காரர் வேற, எடுக்கறதே எடுக்கறோம், நாலு பல்லையும் ஒரேடியா எடுத்துரலாம்கறார்."

அக்கா, மொதல்ல ஒண்ணு, ஸ்கேன் எழுதினாலே காசு பிடுங்கறாங்கன்னு நினைக்காதீங்க, அதே சமயம் எழுதிட்டாங்கன்னு கண்ண மூடிக்கிட்டும் போகாதீங்க. ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா நீங்க வேற மாதிரி செய்வீங்க டாக்டர்?" இதுக்குத் தெளிவா பதில் வந்தா எடுங்க. "எதுக்கும் ஒண்ணு எடுத்து வச்சுப்போம்"னு வந்தா அந்த ஸ்கேன் அவசியமில்லைன்னுதான் நான் சொல்வேன்.

உங்க மகளுக்கு எடுத்தது ஓபிஜி. தாடையை வச்சு, குச்சியைக் கடிச்சுக்கிட்டு அசையாம நின்னா, மெஷின் தலையைச் சுத்தி வந்து பத்து இருபது செகண்ட்ல ரெண்டு தாடையையும் ஒரே படமா விரிச்சுக் காட்டிரும். (1896-ல ஜெர்மனியில வால்க்காஃப்னு ஒரு பல் டாக்டர் தன் பல்லையே மொதமொதல்ல எக்ஸ்ரே எடுத்தப்ப 25 நிமிஷம் அசையாம கிடந்தாராம், நம்ம பிள்ளைங்களுக்கு 15 செகண்டே கஷ்டமா இருக்கு.) பல்லு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, வேர் எத்தனை, வளைஞ்சிருக்கா, எலும்பு எவ்வளவு மூடியிருக்கு, முன்னாடி பல்லோட பின்பக்கத்துல சொத்தை விழுந்திருச்சா, இதெல்லாம் ஓபிஜியிலேயே தெரிஞ்சிரும். முன்பக்கமா சாஞ்ச ஞானப்பல்லுதான் ரொம்ப சகஜம், அது பக்கத்துப் பல்லுல மோதி நிக்கும், அந்த இடுக்குல சோறு போய் மாட்டும், பிரஷ் போகாது, கடைசியில நல்ல பல்லுதான் சொத்தையாகும். வீக்கத்தை விட எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏன்னா வீங்கினா நீங்களே ஓடி வருவீங்க, இது சத்தமில்லாம நடக்கும்.

இப்ப நரம்பு விஷயம். கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஒரு குழாய் மாதிரி பாதை போகுது, அதுக்குள்ள போற நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி குடுக்குது. அது அடிபட்டா வாய் கோணாது, பயப்படாதீங்க, ஆனா மரத்துப்போகும், கோப்பி குடிக்கறப்ப உதட்டோரம் வழிஞ்சாக்கூட தெரியாது. பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல திரும்பிரும், நிரந்தரமா மரத்துப்போறது பொதுவா 100-ல ஒருத்தருக்கும் குறைவு, ஆனா வேரும் நரம்பும் ஒட்டி இருந்தா ஆபத்து கூடும். ஓபிஜியில அந்தப் பாதை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு மெல்லிய வெள்ளைக் கோடா தெரியும். மகளோட படத்தைக் கையில வாங்கி நீங்களே பாருங்க, கோடு வேர்கிட்ட வர்றப்ப அழிஞ்சு போச்சா, அந்த இடத்துல வேர் நுனி கருப்படிச்ச மாதிரி இருக்கா, இல்ல பாதையே வேரைக் கண்டு ஒதுங்கி வளைஞ்சு போகுதா. ரூட், ஷெஹாப்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1990-ல இந்த மாதிரி ஏழு அடையாளத்தைப் பரிசோதிச்சுச் சொன்னாங்க, அதுல நான் இப்ப சொன்ன மூணுக்கும்தான் நரம்பு அடிபடறதோட நெருக்கமான சம்பந்தம் இருந்துச்சு. இதுல ஒண்ணுகூட இல்லாம வேரும் பாதையும் தள்ளித் தள்ளி இருந்தா ஸ்கேன் தேவைப்படாது, பெரும்பாலான ஞானப்பல் கேஸ் அப்படித்தான் முடியும்.

அடையாளம் இருந்தா ஏன் ஓபிஜி பத்தாது? உங்க அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாருங்க, துணி காயப்போட நீட்டியிருக்கற அஞ்சாவது மாடி மூங்கில் கழியும் ஆறாவது மாடி மூங்கில் கழியும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்த மாதிரி இருக்கும், நிஜத்துல நடுவுல ஒரு மாடி உயரம் இருக்கு. ஓபிஜியும் அதே கதை, எல்லாத்தையும் தட்டையா அழுத்திக் காட்டும். வேரும் நரம்பும் படத்துல ஒண்ணா தெரிஞ்சா, ஒட்டியிருக்கா, இல்ல முன்ன பின்ன போகுதான்னு சொல்ல முடியாது. த்ரீடி ஸ்கேன்ங்கறது சிபிசிடி, தாடையைக் கேக் மாதிரி துண்டு துண்டா வெட்டிப் பார்க்கலாம். நரம்பு கன்னப் பக்கம் போகுதா, நாக்குப் பக்கம் போகுதா, ரெண்டு வேருக்கு நடுவுல புகுந்து போகுதா, நடுவுல மெல்லிசா எலும்புச் சுவர் மிச்சம் இருக்கா, எல்லாம் அதுல தெரியும். சுவரும் இல்லாம நாக்குப் பக்கமாவோ வேருக்கு நடுவுலயோ போனா நான் ரெண்டு தடவை யோசிப்பேன்.

அப்பத்தான் முடிவு மாறுது. முழுசா எடுக்காம பல்லோட தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை உள்ளேயே விட்டுடற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு, கொரோனெக்டமிம்பாங்க. வேருல சீழ் இருந்தா இது சரிப்படாது, விட்ட வேர் பின்னாடி மேல நகர்ந்து வந்து இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டி வர்றதும் உண்டு, ஆனா அதுக்குள்ள அது நரம்பை விட்டு விலகியிருக்கும். ஒரு விஷயம் மறைக்காம சொல்லிடறேன், சிபிசிடி எடுத்துட்டதாலேயே மரத்துப்போறது குறையும்னு ஆராய்ச்சியில நிரூபணம் ஆகலை. அதனாலதான் மேல சொன்ன அந்தக் கேள்வியைக் கேக்கச் சொல்றேன். நாக்குக்குப் போற நரம்பு இன்னொண்ணு, அது எலும்புக்கு வெளிய சதைக்குள்ள போறதால ஓபிஜியிலயும் தெரியாது, சிபிசிடியிலயும் தெரியாது, அந்த ஆபத்தைப் பத்தித் தனியா கேட்டுக்கோங்க.

ரேடியேஷன். உலக சராசரிப்படி மண்ணு, காத்து, வானம், சாப்பாடுன்னு இயற்கையாவே ஒருத்தருக்கு வருஷத்துக்கு 2,400 மைக்ரோசீவர்ட் (ரேடியேஷனை அளக்கற அலகு) வருது. ஓபிஜி சுமாரா 10-லேருந்து 25, அதாவது ரெண்டு மூணு நாள் சும்மா இருந்தாலே வர்ற அளவு. சிபிசிடிக்கு ஒரே நம்பர் சொல்ல முடியாது, மெஷினைப் பொறுத்து, எவ்வளவு இடத்தைப் படம் பிடிக்கறாங்கங்கறதைப் பொறுத்து சில பத்துலேருந்து பல நூறு வரைக்கும் போகும். முகம் முழுக்க எடுக்க வேண்டாம், அந்த ஒரு பக்கம் கீழ்த்தாடை மட்டும் போதும், "சின்ன ஃபீல்டுல எடுப்பீங்களா"ன்னு கேளுங்க. கர்ப்பமா இருக்க வாய்ப்பிருந்தா யாரா இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிடணும்.

படம் எடுக்கப் போறப்ப நகையைக் கழட்டச் சொன்னா கோச்சுக்காதீங்க. ஒரு தடவை ஒரு பாட்டி தோட்டைக் கழட்டவே மாட்டேன்னுட்டாங்க, சரின்னு எடுத்தோம், வலது காதுத் தோடு இடது மேல்தாடையில மங்கலா, பெருசா, நிஜத்தை விட ஒசரத்துல பேய் மாதிரி நிக்குது, சரியா நாங்க பார்க்க வேண்டிய பல்லு மேலயே. மறுபடி எடுக்க வேண்டியதா போச்சு, ரேடியேஷன் ரெட்டிப்பு. தோடு, கழுத்துச் செயின், ஹேர்பின் எல்லாம் போயாகணும். மூக்குத்தி இறுகிப்போய் வரலைன்னா சொல்லிடுங்க, கடைவாய்ப் பக்கம் பார்க்கறதுக்கு அது அவ்வளவா குறுக்க வராது.

வீட்டுக்காரர் சொன்ன நாலு பல்லுக்கு வர்றேன். தொந்தரவு இல்லாத, நோய் இல்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம்னு பிரிட்டன்ல 2000-லேயே வழிகாட்டுதல் போட்டுட்டாங்க, மத்த இடத்துல கொஞ்சம் வேற கருத்தும் இருக்கு. என் கணக்கு இது: மேல் பல்லு கீழ் ஈறைக் கடிச்சு வீங்க வைக்குதுன்னா அந்த மேல் பல்லையும் சேர்த்து எடுக்கறது நியாயம், வலது பக்கம் சும்மா இருந்தா விட்டுட்டு அப்பப்ப பார்த்துக்கலாம். ஆனா ரெண்டு தடவை வீங்கின இடது பல்லைத் தள்ளிப்போடாதீங்க, 21-ல எலும்பு கொஞ்சம் இளக்கமா இருக்கும், வயசு கூடக்கூட இறுகும்.

செலவுக்கு, சர்ஜரியா எடுத்தா மெடிசேவ் (சம்பளத்துலேருந்து மருத்துவச் செலவுக்குன்னு சேர்ற கணக்கு) போடலாம், மகளுக்கு உங்க மெடிசேவ்லேருந்தே கட்டலாம், சாதாரணமா பிடுங்கறதுக்குக் கிடையாது. ஸ்கேன் அதுக்குள்ள வருமா, தனி பில்லான்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அரசாங்க பாலிகிளினிக் ரெஃபரல்ல நேஷனல் டென்டல் சென்டர் போனா மானியம் உண்டு, காத்திருக்கணும். எங்க போனாலும் ஓபிஜியோட காப்பியை டிஜிட்டலா கேட்டு வாங்கிட்டுப் போங்க, போன்ல பிரிண்டைப் போட்டோ புடிச்சுக் காட்டினா அந்த வெள்ளைக் கோடு தெரியாது, திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க.

காத்திருக்கற நாள்ல உப்புத்தண்ணி கொப்புளிக்கட்டும். தாடைக்குக் கீழ வீங்கினா, வாய் திறக்க முடியலைன்னா, முழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்பட்டா அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்த்துக்கிட்டு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஏ அண்ட் ஈ) போயிடுங்க.