பத்துத் தூணும் ஒரு சைக்கிளும்

கேள்வி: அலைபேசியில் மதுரையைப் படமெடுக்கிறேன். கோபுரம், தெப்பக்குளம் எல்லாம் முடிந்தது. ஊரின் பழைய கதை தெரிகிற மாதிரி எடுக்க எங்கே போகலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: விளக்குத்தூண் பக்கம் போங்கள், ஜவுளிக்கடைகள் திறப்பதற்கு முன்னால். திறந்துவிட்டால் நிற்கவே இடம் இருக்காது. அந்த விளக்கு, கோட்டைச் சுவரை இடிக்க வைத்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. கோட்டையும் அகழியும் போன பிறகு வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயராகவே நின்றுவிட்டார்கள். அந்தப் பெயர்ப் பலகைகளையும் எடுத்து வையுங்கள்.

பக்கத்துச் சந்தில்தான் பத்துத் தூண். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையின் மிச்சம். மகால் எவ்வளவு தூரம் விரிந்து கிடந்தது என்பது அங்கே நின்று பார்த்தால்தான் உறைக்கும்.

இருபது வருடத்துக்கு முன் அங்கே ஒரு தப்பு செய்தேன். தூணில் சாய்த்திருந்த சைக்கிள், கேரியரில் கட்டிய துணி மூட்டை, இரண்டும் படத்தில் விழாதபடி உடம்பை வளைத்து வளைத்து எடுத்தேன். சுத்தமான படம்தான், ஆனால் எந்த வருடம் எடுத்தது என்றே தெரியவில்லை. தூண் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அந்தச் சைக்கிளுக்கு நான் எங்கே போவேன்? அதனால் மூட்டை தூக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவரையும் சேர்த்தே எடுங்கள். அப்புறம், தேதியை அன்றைக்கே குறித்துவிடுங்கள்.